மெயிலுக்கு மஞ்சள் சட்டை

பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கப் போனுக்குள்ளேயே சும்மா கிடைப்பது போதுமா, இல்லை, வருடச் சந்தா கட்டி ஒன்று வாங்குவதா என்று நானும் என் மனைவியும் வழக்காடியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நல்லூரில் வீட்டின் மாடிதான் எங்கள் பனியன் யூனிட். பன்னிரண்டு தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். கரண்ட் போய் மெஷின்கள் ஓய்ந்திருந்தன. கட்டிங் டேபிளின் மேலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். பஞ்சுத் தூசி சோற்றில் விழாமல் அவள் ஒரு கையால் மறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். இருபது வருடமாக அப்படித்தான் சாப்பிட்டாள், தூசியே இல்லாத கல்யாண வீடுகளிலும்.

பேச்சைக் கிளப்பியவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் எங்கள் மகள். பாஸ்வேர்டை எல்லாம் ஒரே பெட்டியில் பூட்டி, பெட்டிக்கு ஒரே ஒரு சாவி வைத்துக்கொள்ளும் செயலி இருக்கிறது, குடும்பத் திட்டம் வாங்கினால் ஆறு பேருக்கு ஆகும் என்று சொல்லியிருந்தாள். நாங்கள் மூன்று பேர். மீதி மூன்றுக்கு யாரைத் தத்தெடுப்பது என்று அவள் அம்மா கேட்டாள்.

எனக்கு ஒரு வாளி வாங்கவே ஒரு மாதம் ஆகும். நான் நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் போனோடு வருவது, அந்தப் பக்கம் சந்தா என்று எழுதிக்கொண்டிருந்தேன். சும்மா கிடைப்பதில் செலவில்லை. ஆனால் அந்தப் போனோடு, அந்தக் கம்பெனியோடு கட்டிப்போட்டது போல. சந்தாவில் எந்தப் போனிலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஆனால் வருடா வருடம் கட்ட வேண்டும். இரண்டு பத்தியும் ஒரே நீளத்தில் வளர்ந்துகொண்டே போயின.

“நீங்க ரெண்டு பக்கமும் எழுதி முடிக்கறதுக்குள்ள நான் ஒரு ஆர்டரே அனுப்பீருவனுங்க” என்றாள்.

இரண்டுமே அவளுக்கு ஆகவில்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் ‘சேமிக்கவா’ என்று கேட்கும். அவள் ஒவ்வொரு முறையும் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதை அழுத்துவாள். அந்தக் கம்ப்யூட்டரில் யார்தான் உட்காரவில்லை? ஆதார் எடுக்க வருகிற டெய்லர், ரேஷன் கார்டு பார்க்க வருகிற, துணி செக்கிங் செய்யும் அம்மா, ஆடிட்டர் ஆபீஸ் ஆள். அதில் சேமிப்பது ஊட்டைத் திறந்து போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவது மாதிரி என்றாள். சந்தாவுக்கு வேறு கேள்வி.

“நம்ம ஊட்டுப் பூட்டுக்கு நாமளே வருசா வருசம் வாடகை கட்டறதுங்களா? ஒரு வருசம் கட்டாம உட்டா என்னாகும், சொல்லுங்க.”

 நோட்டில் அந்தப் பக்கம் ‘கட்டாமல் விட்டால்?’ என்று ஒரு வரி எழுதிக்கொண்டேன்.

அவளுடைய பூட்டு வேறு. எங்கள் தொழிலில் ஒவ்வொரு சாம்பிள் துணியிலும் ஒரு அட்டை தொங்கும். ஸ்டைல் நம்பர், கலர், துணியின் எடை, சைஸ் எல்லாம் அதில் ஒரே வரியாக இருக்கும். வாங்குகிறவர்கள் சரி என்று ஒத்துக்கொண்ட சாம்பிளை யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். நாளைக்கு ஒரு தகராறு என்றால் அதுதான் சாட்சி. எங்கள் இரும்பு அலமாரியில் அப்படி நூற்றுக்கும் மேல் அடுக்கியிருந்தாள். அந்த அட்டைகளின் வரிகள்தான் அவளுடைய பாஸ்வேர்டுகள். எழுத்தும் எண்ணும் கோடும் புள்ளியும் கலந்து, யாரும் யோசித்து எழுதிவிட முடியாத வரிகள்.

“பேங்குக்கு நேவி புளூ காலர் பனியன். ஜி.எஸ்.டி.க்குக் கோடு போட்டது. மெயிலுக்கு மஞ்சச் சட்டை. மறந்து போச்சுன்னா அலமாரியத் தொறந்து பாருங்க. திருடன் வந்தாக்கூடச் சட்டையத்தான் எடுப்பான், அட்டையப் பிச்சு வீசீட்டுப் போயிருவான்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். கரண்ட் வந்துவிட்டது. பன்னிரண்டு மெஷினும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டன. அந்த நோட்டை மூடியவன் வெகு காலம் திறக்கவில்லை.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அதில் கடைசி ஆறு நாள் வாயில் குழாய். பேசுவதற்கு வாய் இருந்தபோது நான் அவளிடம் எதையும் கேட்டுவைக்கவில்லை. மாத்திரை போட்டாயா, தண்ணீர் வேண்டுமா என்பது தவிர என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவள் போன் அங்கேயே எங்கோ காணாமல் போனது. அந்த நாட்களில் போன் தொலைந்தது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து அவள் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்லி என் போனுக்குச் செய்தி வந்தபோது, யார் பேசப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவள் போய் வருடம் திரும்பியதும் அலமாரியைக் காலி செய்தேன். அதைத்தான் எழுத வந்தேன், எழுத வராமல் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அலமாரியைத் திறந்தால் புதுத்துணி வாசம் வரும். அது அவள் வாசம். தினமும் அதைக் கடந்து கட்டிங் டேபிளுக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு நாள் வேஸ்ட் துணி எடுக்கும் வண்டி தெருவில் நின்றபோது கூப்பிட்டு எடை போட்டுக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் சட்டை கையில் வந்தது. எங்கள் முதல் ஆர்டர், ஆறு மாதக் குழந்தை அளவு. அதை நீவி, அழகாக மடித்து, மூட்டைக்குள் வைத்தேன். அட்டை என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. தைரியமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேங்குக்குப் போனால் ஒரு கவுண்டர் இருந்தது. இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் ஒரு மனிதர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஜி.எஸ்.டி.யை ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். மெயிலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, மகள் போன் செய்யும்வரை.

இரண்டு வருடம் யாரும் திறக்காத கணக்கை அழித்துவிடுவார்களாம். அம்மாவுடையதற்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது என்றாள்.

அந்த மெயிலில் என்ன இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கட்டிங் டேபிளைச் சுற்றி நடந்துகொண்டே போனில் தனக்குத் தானே பேசிப் பதிவு செய்து, அதைத் தன் மெயிலுக்கே அனுப்பிக்கொள்வது அவள் பழக்கம். எழுதுவதற்கு நேரமில்லை என்பாள். நாளைக்கு ரிப் துணி வரும், காலர் எட்டு பீஸ் குறைகிறது, இவருக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு, வாங்கோணும். ‘யாருகிட்டப் புள்ள பேசற’ என்று கேலி செய்வேன். மகளிடம் அவள் குரல் நாலைந்து துண்டு இருக்கிறது, சாப்பிட்டாயா கண்ணு, போய்ச் சேர்ந்தாயா சாமி என்று. அவை மகளுக்கானவை. ஒரே கூரையின் கீழ் இருந்த என்னிடம் ஒன்றும் இல்லை. மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே கேட்கும். எதற்குப் பதிவு செய்வோம்?

முதல் ஆர்டரின் தாளில் மஞ்சள் சட்டையின் ஸ்டைல் நம்பர் இருக்கும் என்று ஃபைல்களைக் கொட்டினேன். அந்த ஆர்டருக்கான எல்லாமே மெயிலில்தான் வந்தன. அந்த மெயிலுக்குள்தான் இருக்கின்றன. வேஸ்ட் கிடங்கைத் தேடிப் போனேன். நான் கொடுத்தது எந்தக் காலத்திலோ அரைபட்டுப் பஞ்சாகி, எந்த மில்லுக்கோ போய்விட்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து கலர் கலராகப் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியிடம் அட்டைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அட்டை மெஷினில் சிக்கும், முதல் வேலையே அதைப் பிய்த்து எறிவதுதான் என்றாள்.

மிச்சமிருந்தது அவள் நம்பர். மறந்துவிட்டேன் என்று அழுத்தினால், கடைசி இரண்டு எண்ணைக் காட்டி, இந்த நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பட்டுமா என்று கேட்டது. நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர். அடித்துப் பார்த்தேன். ஒலித்தது. இரண்டு வருடம் கழித்து அவள் நம்பர் ஒலித்ததை அப்படியே கேட்டுக்கொண்டு நின்றேன். ஓர் ஆண் குரல் ‘ஹலோ’ என்றது.

நம் ஊருக்கு நிட்டிங் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன். பையன் என்ன, முப்பது வயது இருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விஷயத்தைச் சொல்லி, உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யை எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன்.

“அண்ணா, ஓ.டி.பி. யாருக்கும் சொல்லக் கூடாது. பேங்கு சொல்லிருக்கு.”

வைத்துவிட்டான். அவன் செய்தது சரி. மறுபடி கூப்பிட்டபோது போலீஸில் சொல்லிவிடுவேன் என்றான். அதுவும் சரி. செத்துப்போன மனைவியின் பெயரைச் சொல்லி ஓ.டி.பி. கேட்கிறவனை நானும் அப்படித்தான் ஏசியிருப்பேன். கடைசியில் எங்களிடம் ஓவர்லாக் அடிக்கும் பெண், அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான், அவன் பாஷையில் கால் மணி நேரம் பேசினாள். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, நான் திருடனில்லை என்பதற்கு என்னவோ சாட்சி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக ஒத்துக்கொண்டான்.

வந்தான். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. மாலை போட்ட படத்தின் முன்னால் செருப்பில்லாமல் சற்று நேரம் நின்றான். பிறகு தன் போனைக் கட்டிங் டேபிளில் என் பக்கமாகத் திருப்பி வைத்தான். நான் அழுத்தினேன். அவன் போன் சிணுங்கியது. ஆறு எண்கள். ஒவ்வொன்றாக அவன் வாசிக்க ஒவ்வொன்றாக அடித்தேன். மாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், பன்னிரண்டு மெஷினும் மூடிக் கிடக்க.

எண் சரி என்றது. ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் நீங்கள் முன்பு உள்ளே வந்ததில்லை, இது உங்களுடையது என்று எங்களால் உறுதி செய்ய முடியவில்லை என்றது. கம்ப்யூட்டரை அதற்கு முந்தின வருடம்தான் மாற்றியிருந்தேன்.

அவன் அதைப் படிக்கத் தெரியாமல் என் முகத்தைப் படித்தான். டீ கொடுத்தேன், குடித்தான். போகும்போது வாசலில் நின்று, “அண்ணா, சிம் வேணுமா? நான் வேற வாங்கிக்கிறேன்” என்றான். வேண்டாம் என்றேன். அவன் அம்மா அந்த நம்பரில்தான் கூப்பிடுவாளாம்.

பிறகு நானே அடித்துப் பார்க்கத் தொடங்கினேன். மஞ்சள் அட்டையின் முதல் நான்கு எழுத்து நினைவிருந்தது. அவள் ‘மஞ்சள்’ என்பதை எப்படிச் சுருக்குவாள் என்று தெரியும். நடுவில்தான் இருட்டு. தவறு, தவறு, நாளை முயலவும். நாளையும் தவறு. அந்த அட்டையை விரலால் தடவியவன் நான். கண் பார்த்திருக்கிறது. பார்த்ததை வைத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை அடித்ததும் கம்ப்யூட்டர் மேலே ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டியது. இந்தப் பாஸ்வேர்டைச் சேமிக்கவா? அதற்கு என்ன தெரியும், சரியா தவறா என்று. அவள் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று சொன்ன அதே கட்டம். என் விரல் ‘சேமி’யை அழுத்திவிட்டது.

ஏழு வாரம் முடிந்து ஒரு புதன்கிழமை, அவள் முகவரியை அடித்தேன். அப்படி ஒரு கணக்கு இல்லை என்று வந்தது. கதவு பூட்டியிருக்கிறது என்றுகூட இல்லை. கதவே இல்லை.

மகளிடம் சொன்னேன்.  “அப்பா, உங்களோடதாவது எனக்குத் தெரியோணுமுங்க” என்றாள். நான் பழைய நோட்டை எடுத்தேன். இரண்டு பத்தியும் அப்படியே இருந்தன. அந்தப் பக்கத்துக் கடைசி வரியும். இரண்டிலும் நாம் போனபின் சாவி யாருக்கு என்று எழுதி வைக்க இடம் இருக்கிறதாம். மூன்றாமவர் நம்பரையோ பழைய கம்ப்யூட்டரையோ நம்பாமல், இத்தனை நாள் பதில் இல்லையென்றால் இன்னாருக்குத் திறந்துவிடு என்று சந்தாவில் தெளிவாகச் சொல்ல முடிந்தது. சந்தாவே கட்டினேன், ஆறு பேருக்கான குடும்பத் திட்டம். என் பெயர், அவள் பெயர் என்று எழுதப் போய் நிறுத்தி, மகள் பெயர். நான்கு காலி இடம்.

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே சேமித்ததை எல்லாம் கொண்டுவரட்டுமா என்று கேட்டது. சரி என்றேன். ஒரே ஒரு வரி வந்தது. அவள் முகவரி, நான் அடித்த தவறான எழுத்துகள். பெட்டி அதைச் சோதித்துப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தது. மிக வலுவானது. வேறெங்கும் பயன்படுத்தப்படாதது. எங்கும் கசியாதது.

போன வாரம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்தது. அன்றைக்கே கட்டிவிட்டேன்.