பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு பரம்பரைக் காது

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தனசேகரனைப் பார்க்கக் கல்யாணத் தரகர் வந்திருந்தார். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். அழைத்தார்களா? இல்லை. ஆனால் அவர் போட்ட வழக்குக்காக நானும் கொஞ்சம் அலைந்தவன் — உரிமை இருக்கிறதல்லவா?

தனசேகரன் முன்னாள் ஹவில்தார். புதுச்சேரியில் பட்டாளத்துக்காரர் என்றாலே, "சொல்தாவா? பிரெஞ்சு பென்ஷனா?" என்று கேட்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவருக்கு இங்கே சொல்தா என்றுதான் பெயர். இவர் அசல் இந்திய ராணுவம். பீரங்கிப் படையில் இருபது வருஷம். வெளியே வரும்போது இரண்டு காதும் முக்கால்வாசி அவுட்.

டிசபிலிட்டி பென்ஷன் கேட்டார். மருத்துவக் குழு ஒரே வரியில் முடித்துவிட்டது — 'பணியால் ஏற்பட்டதல்ல, பரம்பரைத் தன்மையுடையது.'

ஆஹா! இருபது வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவரின் காதைக் கெடுத்தது அவருடைய முப்பாட்டன்! பாவம் பீரங்கி, அது பாட்டுக்கு ஒரு ஓரமாக வெடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மேல்முறையீடு செய்தார். தள்ளுபடி. மறுபடியும் செய்தார். மறுபடியும் தள்ளுபடி. 'பரம்பரைக் கோளாறே; இம்முடிவு இறுதியானது' என்று முத்திரை குத்திய கடிதம் வந்தது. நீங்களும் நானும் என்றால் கிழித்துப் போட்டிருப்போம். இவர் என்ன செய்தார் தெரியுமா? லேமினேட் செய்து பீரோவில் வைத்தார். மேலிடத்து உத்தரவாயிற்றே...

அதோடு போயிருக்கும். ஆனால் மகள் ரேவதிக்கு ஒரு வரன் வந்தது. தட்டாஞ்சாவடியில் ஒரு மருந்து கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். ஜாதகம் பொருந்தியது, அவளுக்குப் பையனையும் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் அப்பா, "மிலிட்டரி பேப்பரெல்லாம் பாக்கலாமா?" என்று ஆசையாகக் கேட்டார். நம்மவர் பெருமையாக அத்தனையையும் எடுத்துப் பரப்பினார்... லேமினேட் செய்ததையும் சேர்த்து!

மறுநாளே தரகரிடமிருந்து போன். "காது கோளாறு பரம்பரைன்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்திருக்கு. நாளைக்குப் புள்ள பொறந்தா என்னா பண்றதுன்னு கேக்குறாங்க." பையன் வாயையே திறக்கவில்லை. ரேவதி பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தனசேகரனை ஸ்கூட்டரில் ஏற்றி, உப்பளம் ஏரியாவில் எனக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனேன்.

"இறுதின்னு போட்டிருக்கே மேடம்..." என்று இழுத்தார் தனசேகரன்.

"அது அவங்க ஆபீசுக்கு இறுதி! சட்டத்துக்கு இல்ல!" வக்கீலம்மா அவருக்குக் கேட்கும்படி கத்தினார். "சேர்றப்ப காதை டெஸ்ட் பண்ணி, நல்லா கேக்குதுன்னுதான எடுத்தாங்க? நடுவுல கெட்டுச்சுன்னா சர்வீஸ்லதான் கெட்டுச்சுன்னு எடுத்துக்கணும். இல்லன்னா ஏன் இல்லன்னு காரணம் எழுதணும். எங்க இருக்கு காரணம்?"

மூவரும் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். முத்திரை இருந்தது. கையெழுத்து இருந்தது. காரணத்தைக் காணோம்.

"பென்ஷன் கெடக்கட்டும் மேடம். அந்தப் பரம்பரைன்ற வார்த்தைய மொதல்ல அடிச்சுடுங்க. எம் பொண்ணு தலையில எழுதுன மாதிரி இருக்கு," என்றார் தனசேகரன்.

சென்னையில் ராணுவத் தீர்ப்பாயத்தில் வழக்கு. எத்தனை முறை பஸ் ஏறினோமோ! ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. எழுதாத காரணத்தைத் தேடி எடுக்க நாளாகும்தானே?

போன மாதம் தீர்ப்பு வந்தது. அந்த இறுதி முடிவு ரத்து. காது போனது ராணுவப் பணியால்தான். தனசேகரன் அந்தப் பக்கத்தை ரேவதியிடம் நீட்டிவிட்டு அழுதார். நானும்தான்.

செய்தி எப்படியோ பரவி, ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து நின்றார். "பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. பரம்பரை இல்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அவங்களுக்கு இப்ப முழுச் சம்மதம். பையனும் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல..."

தனசேகரன் மகளைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற ரேவதி, வேண்டாம் என்று ஒரே ஒரு முறை தலையாட்டினாள்.

அவர் காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தரகர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தச் செவிட்டுக்கு மட்டும் யாரும் காரணம் எழுத வேண்டியதில்லை!