பின்னறைக்கு ஒரு ஃபேன்

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டியபோது, மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியன் எங்களை மேலே கூப்பிட்டார். எந்தச் சுவரில் ஸ்விட்ச், எங்கே லைட், எங்கே ஃபேன் என்று அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். கம்பிகளுக்கு நடுவே பைப்பைப் போட்டுக் கான்கிரீட் கொட்டிவிட்டால் பிறகு நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. எனக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை, கூப்பிடு தூரம்தான். பர்மிஷன் சொல்லிவிட்டு வந்திருந்தேன். என் வீட்டுக்கு நான்தான் எல்லாம் சொல்லப்போகிறேன் என்ற மிதப்பு வேறு.

ஹாலில் ஒரே பெரிய போர்டு, பூஜை அறை லைட்டுக்கும் அதிலிருந்தே பைப் என்று அவர் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். என் மாமியார் கூடாது என்றார். சாமி லைட்டின் ஸ்விட்ச் பூஜை அறைக்குள்ளேயே இருக்க வேண்டுமாம். பைப்பும் ஜாஸ்தி, வளைவும் ஜாஸ்தி, எதற்கு என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். பெண்கள் புழங்குகிற வீடு இல்லையா என்று மாமியார் சுற்றி வளைத்தார். அந்த மனிதருக்குப் புரியவில்லை. எர்த் கொடுத்துவிடுவேன், ஷாக் அடிக்காது என்று தைரியம் சொன்னார்.

"ஷாக் இல்லப்பா. வூட்டுக்குத் தூரமான மூணு நாள் இவ சாமி லைட்டு இருக்கற போர்டத் தொடக் கூடாது. இவளுக்குப் பின்னாடி ரூம்ல தனியா ஒரு ஸ்விட்ச்சு போட்டுடு," என்று மாமியார் என்னைக் கை காட்டினார்.

கம்பி கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வாடகை வீட்டில் இடம் இல்லாததால் இதெல்லாம் அதுவரை முணுமுணுப்போடு நின்றிருந்தது. என் கணவர் ஏதோ ஒரு கம்பியை மும்முரமாகக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்னறையில் ஃபேன் மாட்டுவதற்கும் கொக்கியோடு ஒரு பாக்ஸ் வைக்கலாமா என்று கேட்டார். லைட் போதும் என்றார் மாமியார்.

பின்னறை மேற்கு பார்த்தது. சித்திரை வெயிலில் அந்தச் சுவர் எப்படிக் கொதிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் வேண்டும் என்றால் அங்கே உட்காரச் சம்மதித்ததாகிவிடும். பேசாமல் இருந்தால் அவியப்போவது நான்தான். அந்த அறையே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஃபேன் ஒண்ணு வெச்சிடுங்க," என்றேன்.

மாமியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆபீசில் மேலதிகாரியிடமே பட்டென்று பேசிவிடுகிறவள் என்று எனக்குப் பெயர். ஆட்கள் பார்த்ததுகூடப் பெரிதில்லை. என் வாயாலேயே கேட்டு வாங்கிக்கொண்டேனே, அந்த அவமானம்தான் தாங்கவில்லை.

மறுநாள் கான்கிரீட் கொட்டினார்கள். புது வீட்டில் மாதாமாதம் அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தேன். நல்ல காற்று வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களில் என் மகள் பெரியவளானாள். பின்னறைக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். இந்தமுறை என் வாய் தடுமாறவில்லை. அவளை அங்கே உட்கார வைக்க மாட்டேன் என்று மாமியாரிடம் நேருக்கு நேர் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. பேத்தியைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"எதுக்குக் கண்ணு பயப்படற? உங்கம்மாவே ஆசையா கேட்டு ஃபேன் போட்டுக்கின ரூமு அது."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்டது என்னவோ நான்தான்.