பேட்டரிப் பெட்டி எரித்த அடுப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். விறகுக்கென்று யாரிடமும் கையேந்தியதில்லை. பேட்டையில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பார்கள். அவர்கள் வீசும் கறுப்புப் பெட்டித் துண்டுகளைப் பொறுக்கி வந்து வீட்டு அடுப்பில் எரித்தேன். நன்றாக நின்று எரிந்தது. அடுப்படியில் இருந்தவள் மருமகள்.

"அத்தே, பொகை தொண்டையப் பிடிக்கு."

"ஒங்க அம்மை வீட்ல கேஸ் அடுப்போ எரிஞ்சுது?" என்றேன்.

சில மாதத்தில் அவளுக்கு ஓயாத வயிற்றுவலி. குடம் தூக்கக் கை எழவில்லை. நடிக்கிறாள் என்றே நினைத்தேன். ரத்தம் சோதித்த டாக்டர், "என்னத்தம்மா எரிக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்தப் புகை வழியாக ஈயம் ஏறியிருக்கிறது என்றார்.

அவள் தேற ஒரு வருஷமாயிற்று. இப்போது பனமட்டைதான் எரிக்கிறோம். அடுப்படியில் நான் உட்காருகிறேன்.

ஏட்டி பேத்தி, ஒன் அம்மை நடிக்கான்னு நான் நெனச்சதச் சொன்னேன்லா, அத அப்படியே எழுதுனியா? வாசி, கேப்போம்.