தொமியே வாய் திறந்த நாள்

கினுயோவுக்குப் பதினோரு வயது நடந்தபோது சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து வீட்டைச் சுற்றி நின்றார்கள். ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள தேர்ஸ்டே தீவிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். அப்பா ஜப்பானிலிருந்து முத்துக்குளிக்க வந்து, பிறகு அங்கேயே சலவைக்கடை போட்டவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் எதிரியானதும் அந்த ஜப்பான் வேர் ஒன்றே குற்றமாகிவிட்டது. குடும்பத்தைக் கப்பலேற்றி, ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் ஒரு முள்கம்பி முகாமில் அடைத்தார்கள். சிப்பாய்கள் வந்த அன்றோடு அவளுடைய ஆறு வயதுத் தங்கை தொமியே பேசுவதை நிறுத்திவிட்டாள்.

முகாமின் முதல் குளிர்காலத்தில், புல்மேல் உப்புக் கொட்டிக் கிடப்பதாக நினைத்துக் கினுயோ உறைபனியை நக்கிப் பார்த்தாள். முகாம் பள்ளியில் பாடமெல்லாம் ஜப்பானிய மொழி. அது தெரியாததால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். ஜாவாவில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பத்தோடு பிடித்து வரப்பட்ட சச்சிகோ அதைச் சொல்லிச் சொல்லியே சீண்டினாள். கினுயோ சளைக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் பதிலுக்குப் பதில் வாயாடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அடுத்த வசந்தத்தில் விளையாட்டு விழா வந்தது. முகாமே திரண்டு நின்றது. ஓட்டப் பந்தயத்தில் கினுயோ சச்சிகோவை முந்திக்கொண்டு வெறுங்காலோடு புழுதி பறக்க முன்னால் பாய்ந்தாள். எல்லைக் கயிற்றுக்குப் பத்தடிதான் பாக்கி.

“கினு அக்கா, ஓடு! அவ பின்னாலயே வர்றா!”

கினுயோவின் கால்கள் தாமாக நின்றன. கூட்டத்தில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றிருந்தாள் தொமியே.

“இப்ப கத்தினது நீயா?”

“எதுக்குடி நின்னே? ஓடு, லூசு!”

கினுயோ ஓடினாள், ஆனால் கயிற்றை நோக்கி அல்ல. தங்கையை வாரித் தூக்கிக்கொண்டு சுற்றினாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். ஜெயித்த சச்சிகோ பரிசுப் பென்சில்களோடு வந்து நின்றாள்.

“நீ நின்னதால வந்த ஜெயம் எனக்கு வேணாம். வா, மறுபடி ஓடலாம்.”

மறுபடி ஓடினார்கள். தொமியே தொண்டை கட்டும்வரை கத்தினாள். கினுயோ ஒரு கை நீளத்தில் ஜெயித்து, பென்சில்களில் பாதியைச் சச்சிகோவுக்கே கொடுத்தாள்.

போர் முடிந்தபின் சச்சிகோவின் குடும்பத்தை ஜப்பானுக்கு அனுப்பிவிட்டார்கள். கினுயோ வீட்டார் தீவுக்குத் திரும்பினார்கள். சலவைக்கடைக்குக் கூரையே இல்லை. அப்பா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தொமியே வீட்டில் ஓயாமல் பேசினாள். ஆனால் சீருடையைக் கண்டால் போதும், தபால்காரரே ஆனாலும், வாய் பூட்டிக்கொள்ளும்.

அந்தப் பயத்தைப் போக்கவே கினுயோ பதினேழு வயதில் தபால் நிலையத்தில் வேலை கேட்டு வாங்கினாள். சீருடைத் தொப்பியைக் கழற்றாமலே தினமும் வீட்டுக்கு வந்தாள். முதல் வாரம் தொமியே கட்டிலடியில் ஒளிந்தாள். மூன்றாவது வாரம் தலையை நீட்டினாள்.

“அக்கா, இந்தத் தொப்பி உனக்குச் சகிக்கல.”

அந்த வருடக் கடைசியில் துறைமுகப் போலீஸ்காரரிடம் தொமியே தானாகப் போய் மணி என்ன என்று கேட்டாள். கேட்டதைச் சொல்லத் தபால் நிலையத்துக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கினுயோ முத்திரைக் கட்டையை அப்படியே போட்டுவிட்டு, வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள்.