நான்கு நிமிடம் ஒரு கதவு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்து ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றல்ல, இரண்டல்ல... நான்கு நிமிடம்! கதவு பாதி சாத்தியிருந்தது. யாரும் உள்ளே போகவில்லை. யாரும் வெளியே வரவில்லை. பின்னணி இசையும் கிடையாது. கீழே காஜா பாயின் பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் மட்டும் மாடிக்குக் கேட்டது.

இதற்குப் பெயர் திகில் படம்.

சிரிக்காதீர்கள். ஆமை வேகத்தில் நகர்கிற வெளிநாட்டுத் திகில் படங்கள் என்றால் எனக்கு உயிர். வீட்டில் ஒரு முறை அப்படி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குறுக்கே போன என் மனைவி, "ஏங்க, டிவி ரிப்பேரா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள். திரையில் ஒரு பெண்மணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். என் மனைவி குக்கர் வைத்து, மூன்று விசில் விட்டுத் திரும்பி வந்தபோதும் அதே பெண்மணி, அதே ஜன்னல். அவளை எப்படிக் குறை சொல்வது?

கதவுக்கு வருகிறேன். அதற்கு முன் அந்த மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ராஜபாளையத்துக்காரன். என் பள்ளித் தோழன் ரெங்கராஜன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று வருடமாக மாதம் ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு உலக சினிமா திரையிடுகிறோம். புரொஜெக்டரும் லேப்டாப்பும் அவனுடையவை. ஜன்னல்களை மறைக்கிற கறுப்புத் துணி என்னுடையது. இடம், காஜா பாயின் கடை மாடியில் இருக்கிற ஹால். நல்ல மனுஷன், சும்மாவே கொடுத்திருந்தார்.

வருகிற கூட்டம்? எங்கள் இருவரையும் சேர்த்து ஏழு பேர். அதில் இரண்டு பேர் ஃபேன் காற்றுக்காக வருகிறவர்கள். டைட்டில் முடிவதற்குள் குறட்டை கேட்கும்.

போன மாதம் பாய் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டீ வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான்.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீக. ஆளு வந்து தூங்குறதுக்கு எதுக்கு ஹாலு? எம் மருமகன் பிள்ளைகளுக்கு அபாகஸ் கிளாஸ் நடத்தணுங்கான். இன்னும் ஒரு தடவை போடுங்க. ஆளுக கடைசி வரைக்கும் உக்காந்திருந்தா ஹாலு உங்களுக்கு. இல்லைன்னா அவனுக்கு."

எனக்கு டீ இறங்கவில்லை. இந்தக் காலத்தில் ஹால் எதற்கு, வீட்டிலேயே இயர்போனை மாட்டிக்கொண்டு பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கலாம்தான். ஆனால் இந்த மாதிரிப் படம் முடிந்து விளக்குப் போட்டதும், பக்கத்தில் இருக்கிறவன் முகத்தைப் பார்த்து "உனக்கும் அப்படித்தான் இருந்ததா?" என்று கேட்க வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் அப்படிக் கேட்க எனக்கு வேறு இடம் இல்லை. அந்த மாடி போய்விட்டால் ரொம்பத் தனியாகிவிடுவேன் என்று பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ரெங்கராஜன் அலட்டிக்கொள்ளவில்லை. மறுநாளே அவன் கடைக் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தான். 'வெளிநாட்டுப் பேய்ப்படம். குடும்பத்துடன் வாருங்கள். அனுமதி இலவசம்.'

"ஏலே, அந்தப் படத்துல பேயே வராதே!" என்றேன்.

"வராதுன்னு போட்டா எவன் வருவான்? நீ ஆர்ட் சினிமான்னு போட்டு அஞ்சு பேரு வந்தது போதும். செத்த நேரம் சும்மா கிட."

விளைவு? ஹால் நிறைந்துவிட்டது! முப்பத்தெட்டு பேர். வத்திராயிருப்புப் பக்கமிருந்து முறுக்குப் பையோடு ஒரு குடும்பம். முன்வரிசையில் ஒரு அம்மா, படம் ஆரம்பிப்பதற்கு முன்பே முன்னெச்சரிக்கையாகத் தன் மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். இவர்கள் எதிர்பார்ப்பது ஒன்று, நாங்கள் போடப்போவது வேறொன்று.

படத்தின் கதை இவ்வளவுதான். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாடு. ஏரிக்கரையில் ஒற்றை வீடு. புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா தனியாக இருக்கிறார். முதல் முக்கால் மணி நேரம் அவர் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார், வெந்நீர் வைக்கிறார், உறங்குகிறார். நடுநடுவே வீட்டுக்குள் ஒரு நீளமான நடைபாதையும், அதன் கடைசியில் அந்தக் கதவும் வரும்.

நம் ஊர்ப் பேய்ப்படங்கள் மரியாதை தெரிந்தவை. வருவதற்கு முன் சொல்லிவிட்டு வரும். நாய் ஊளையிடும், விளக்கு மினுங்கும், கொலுசு கேட்கும். 'தயாராகிக்கொள், இந்த இடத்தில் பயப்படு' என்று இசையமைப்பாளரே கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். இந்த வெளிநாட்டுப் படங்களில் அந்த உபகாரம் கிடையாது. எங்கே பயப்பட வேண்டும் என்று சொல்லவே மாட்டார்கள். அதனால் எல்லா இடத்திலும் பயந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. படம் முடிந்து இரண்டு நாள் கழித்து, வாஷ்பேசினில் பல் தேய்க்கும்போது திடீரென்று முதுகுப் பக்கம் சில்லென்று ஆகும். அதுதான் எனக்குப் பிடிக்கிறது.

எரிச்சல்களும் உண்டு. வெள்ளைப் பனி மேல் வெள்ளை எழுத்தில் சப்டைட்டில் போடுகிற புண்ணியவான் யார்? முடிவு புரியாமல், யூடியூபில் விளக்கம் சொல்கிற தம்பியைத் தேடி அலைவது எவ்வளவு பெரிய அவமானம்! இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்... சில படங்கள் மெதுவாகப் போவது நம்மைப் பயமுறுத்த அல்ல. டைரக்டரிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அது தெரிவதற்குள் இரண்டரை மணி நேரம் போயிருக்கும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அரை மணி நேரத்துக்குள் ஏழு பேர் எழுந்து போய்விட்டார்கள். "பேய் எப்பம்மா வரும்?" என்று முன்வரிசைக் குழந்தை நான்கு முறை கேட்டுவிட்டது. கண்ணைப் பொத்திய கை எப்போதோ இறங்கியிருந்தது. முறுக்குக் கடிக்கிற சத்தம் வசனத்தைவிட அதிகமாகக் கேட்டது.

அப்போதுதான் அந்த நான்கு நிமிடக் கதவு வந்தது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். "அண்ணாச்சி, படம் ஹேங் ஆயிருச்சு!" என்று குரல் வந்தது. நான்கைந்து பேர் செருப்பைத் தேடினார்கள். என்னருகே இருந்த ரெங்கராஜனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணப் போனான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் என் கையை உதறினான்.

"அண்ணே, தொடாதீங்க!"

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்த இடத்தில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்தவர்.

"அஞ்சு நிமிஷமா அசையலைம்மா," என்றான் ரெங்கராஜன்.

"அசையுதுண்ணே. அந்தக் கதவு மொதல்ல காட்டும்போது நாலு விரக்கடைதான் தொறந்திருந்துச்சு. பொறவு அந்தம்மா உறங்கும்போது காட்டுனாங்கல்ல, அப்ப ஒரு சாண். இப்பப் பாருங்க... எம்புட்டு தொறந்திருக்கு!"

ஹாலில் சத்தம் நின்றது. செருப்பு மாட்டியவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். எல்லோரும் கதவைப் பார்த்தோம். ஆமாம்... அது திறந்துகொண்டுதான் இருந்தது. கடிகாரத்தின் சின்ன முள் நகர்கிற மாதிரி, நகர்வது தெரியாமல் நகர்ந்தது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை நான் அதற்கு முன் இரண்டு முறை பார்த்தவன். 'நிதானத்தின் அழகு' என்றெல்லாம் இதே பத்திரிகைப் பத்தியில் முன்பு எழுதியவன். கதவு திறக்கிறது என்று எனக்குத் தெரியாது!

அதன் பிறகு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த நடைபாதை திரையில் வரும்போதெல்லாம் முப்பது பேரும் முன்னால் சாய்ந்தோம். "தொறந்துருச்சு, தொறந்துருச்சு" என்று யாரோ முணுமுணுப்பார்கள். கடைசியில் கதவு முழுவதும் திறந்தபோது உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. நம் பக்கம் பார்த்துப் போட்டிருந்த வெறும் நாற்காலி. அத்தோடு படம் முடிந்தது. அந்தக் குழந்தை அம்மாவின் கையைத் தானே இழுத்துத் தன் கண்ணைப் பொத்திக்கொண்டது.

விளக்குப் போட்டதும் அந்தப் பெண்ணிடம் போனேன். பெயர் மாரீஸ்வரி. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சிசிடிவி ரூமில் வேலை.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"எட்டு மணி நேரம் பதினாறு கேமரா பாக்கேன் சார். எதுலயும் ஒண்ணும் நடக்காது. பஞ்சுப் பேல் அடுக்கியிருக்கும், செவரு இருக்கும், கதவு இருக்கும். ஒண்ணும் நடக்கலைன்னு கண்ணை எடுத்தா வேலை போயிரும். நேத்து இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்கான்னுதான் பாப்பேன்."

"லீவு நாள்லயும் இதைப் பார்க்க போரடிக்கலையா?"

"இதுல ஒரே கேமராதான சார். ரெஸ்ட் எடுத்த மாதிரி இருந்துச்சு," என்று சிரித்தார்.

வழக்கமாகக் கூட்டம் கலைந்ததும் காஜா பாய் மேலே வந்து ஹாலைப் பூட்டுவார். அன்றைக்கோ கூட்டம் கலைவதற்கு முன்பே வந்துவிட்டிருந்தார். ஹால் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப்பார்க்க ஏறியவர், கடைசி முக்கால் மணி நேரம் நின்றபடியே பார்த்திருக்கிறார். கையில் கஸ்டமருக்குக் கொடுக்க எடுத்த ஒரு இட்லிக் கொப்பரை மூடி.

"என்ன பாய், யாரும் போகல பாத்தீங்களா?" என்றேன்.

"ஒரு பேய் இல்ல, ஒரு கொலை இல்ல. ஒரு நாக்காலி. அம்புட்டுத்தான்," என்றார்.

"அப்ப... அபாகஸ் கிளாஸ்?"

ஹாலின் மூலையில் அண்டாக்கள் அடுக்கி வைத்திருக்கிற சின்ன அறையை பாய் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கதவு லேசாகத் திறந்திருந்தது.

"அதை யாரு தொறந்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை.

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, அதில் ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்தார். "மாசாமாசம் நீங்களே தொறந்து, நீங்களே பூட்டிக்கிடுங்க சார். மருமகன்ட்ட நான் பேசிக்கிடுதேன். இனிமே நான் மேல ஏற மாட்டேன்."

ஹால் கிடைத்த சந்தோஷத்தில் அன்று நானே பூட்டினேன். ரெங்கராஜன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நட்பினால்தான்... வேறொன்றுமில்லை.