இடையில் விடும் கட்டங்கள்

தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டு வரும்படி தாரணியை அனுப்பியிருந்தேன். வெகுநேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தபோது என் மகள் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி நின்றிருந்தாள். தென்னம்பாத்திகள் நிரம்பி, தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக இருந்த காய்ச்சலின் அசதி என்று நினைத்தேன்.

அன்று மாலை வலிப்பு வந்தது. பாலக்காட்டு மருத்துவமனையில் மூளை அழற்சி (கிருமித் தொற்றால் மூளை வீங்குவது) என்றார்கள். எங்கள் ஊர் எருத்தேன்பதியிலிருந்து வண்டியை ஓட்டிப் போனது நான்தான். வழி எதுவும் நினைவில் இல்லை.

பிழைத்து வீடு திரும்பினாள். நடந்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள். ஆனால் எதையும் தானாகத் தொடங்கவில்லை. சீப்பைக் கையில் கொடுத்தால் அப்படியே வைத்திருப்பாள். கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். "ஏனுங்க, இவ பழையபடி ஆயிருவாளுங்களா?" என்று என் மனைவி கேட்பாள். அதையே நான் மருத்துவரிடம் கேட்பேன். அவர் ஒவ்வொரு முறையும், "உறப்பு சொல்ல முடியாது சேட்டா. நோக்கலாம்" என்பார். மலையாளத்தில் உறப்பு என்றால் உறுதி, நோக்கலாம் என்றால் பார்க்கலாம். எனக்கு அழுகைகூட வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

செயல்முறைப் பயிற்சி (அன்றாட வேலைகளை மீண்டும் பழக்கும் சிகிச்சை) தரும் பெண் வண்ணக் கட்டப் புதிர்கள் சிலவற்றைக் கொடுத்து, யாராவது கூட உட்கார்ந்து போடவேண்டும் என்றார். உங்கள் வீட்டிலும் தேவைப்படலாம் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும், மேலிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு பத்தியின் தலையிலும் வண்ண எண்கள் இருக்கும். பச்சையில் 3 என்றால் தொடர்ந்து மூன்று கட்டங்களுக்குப் பச்சை அடிக்கவேண்டும். எந்த இடத்தில் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு படம் தெரியும். பெரிய எண்ணில் தொடங்குவது நல்லது. பத்துக் கட்ட வரிசையில் 8 என்றால், எந்த ஓரத்திலிருந்து வைத்துப் பார்த்தாலும் நடு ஆறு கட்டங்களுக்கு வண்ணம் உறுதி. வண்ணம் வராது என்று உறுதியான கட்டத்தில் புள்ளி வைக்கலாம். ஊகித்து அடிக்கக் கூடாது. தவறு அங்கேயே தெரியாது. வெகுதூரம் போன பிறகே தெரியும்.

தாரணி பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். போட்டது நான்தான். எதுவும் படமாக வரவில்லை. பத்திகளின் எண்களோடு ஒத்துப்போகாமல் பாதியிலேயே நின்றுவிடும்.

ஒரு மத்தியானம் பச்சையில் 3, 2 என்ற வரிசைக்கு வந்தேன். மூன்று அடித்து, ஒன்று விட்டு, இரண்டு அடித்தேன். அடுத்த வரிசையையும் அப்படியே. ஆயுள் முழுக்கத் தென்னை வைத்த கை. கயிறு பிடித்து, மரத்துக்கு மரம் ஒரே இடைவெளி விட்டுப் பழகியது.

அவள் கை நீண்டு ரப்பரை எடுத்தது. நான் அடித்த இரண்டை அழித்தாள்.

"இது தென்னந்தோப்பு இல்லீங்ப்பா. ஒரே கலர்னா நடுவுல ஒரு கட்டமாச்சும் உடோணும். அதுக்கு மேல எத்தன வேணாலும் உடலாம். பத்தியப் பாத்துட்டுத்தான் அடிக்கோணும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "வேற கலர்னா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒட்டியே அடிக்கலாங்ப்பா. இதக்கூடப் படிக்காமயா போட்டீங்க?"

அதன் பிறகு அன்று அவள் பேசவில்லை. படத்தையும் முடிக்கவில்லை. மறுநாள் சீப்பு கையில் அப்படியேதான் இருந்தது. அடுத்து எப்போது பேசினாள், எப்போது தானாகத் தலை சீவினாள் என்பதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு இல்லை. இன்னும் பள்ளிக்குப் போகவில்லை. மருத்துவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

அவள் தூங்கும்போது காய்ச்சல் இருக்கிறதா என்று என் கை தானாகப் போய் அவள் நெற்றியைத் தொடுகிறது. நேற்று கண் திறக்காமலே அதைத் தள்ளிவிட்டாள்.

"கை சில்லுனு இருக்குதுங்ப்பா."

என் கையை நானே கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.