இடப்பக்கம் வால் நீளும் டிக்

சுப்பீரியர் ஏரியின் வடகரையில், ஹெரிங் ஹார்பர் என்ற சின்ன ஊரில், ஆர்விட் ஹௌகனுக்கு அஞ்சாதவை இரண்டே: ஏரியும் கரடியும். பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு, காட்டுப்பாதையின் காவலர் என்ற பதவியைத் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டார். சம்பளம் கேட்காததால் ஊரும் ஆட்சேபிக்கவில்லை.

பாதை தொடங்குமிடத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரு நோட்டு, ஒரு பென்சில். காட்டுக்குள் போகிறவர் பெயர் எழுத வேண்டும். திரும்பியதும் பக்கத்தில் டிக் போட வேண்டும். டிக் இல்லையென்றால் ஊரே தேடிக் கிளம்பும். இந்த விதியை ஆர்விட் வேதம்போல ஓதுவார். கூடாரமடிக்க வந்தவர்களை நிறுத்தி, "சாப்பாட்டு மூட்டைய மரத்துல உசரக் கட்டுங்கய்யா. கரடிக்கு உங்க பிஸ்கட் ஒத்துக்காது, பாவம்" என்பார்.

அந்த விதியை மீறியவர் ஊரில் ஒரே ஒருவர். அவரும் ஆர்விட்தான்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில், பாதையில் விழுந்த மரத்தை அறுக்க அவரும் நண்பர் ரெய்னோவும் போனார்கள். திரும்பும் வழியில் ரெய்னோ நின்றார். "காபிக் கெட்டில கூடார மேட்டுலயே விட்டுட்டேன்டா. நீ நட, பின்னாலயே வந்துடறேன்."

ஆர்விட் பெட்டியைத் திறந்தார். ரெய்னோ இடக்கைக்காரர், அவர் டிக்கின் வால் இடப்பக்கம் நீண்டு, பக்கத்தின் லட்சணத்தையே கெடுத்துவிடும். எப்படியும் வரப்போகிறவன்தானே? ஆர்விட் அழகாக இரண்டு டிக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ரெய்னோவின் மனைவி லெம்பி கதவைத் தட்டினாள். தேடுகிறவர்கள் நோட்டைப் பார்த்தார்கள், ஆர்விட்டைக் கேட்டார்கள். "டிக் இருக்கே" என்றார் அவர். காட்டிலிருந்து திரும்பிவிட்டார் என்று நம்பி இரண்டு நாள் ஏரியில் தேடினார்கள். மூன்றாம் நாள் பாறைக்கடியில், கால் முறிந்த ரெய்னோ கிடைத்தார். சுற்றிலும் கிழித்த தீக்குச்சிகள். முந்தைய ராத்திரிவரை உயிர் இருந்தது என்றார் டாக்டர்.

அதிலிருந்து வருஷாவருஷம் அதே தேதியில் நோட்டில் ரெய்னோவின் பெயர் இருக்கும். டிக் இருக்காது. ஆர்விட் ரப்பரால் அழிப்பார். அன்று பாதையில் நடந்தால் பின்னால் கெட்டில் மூடி 'டிங்' என்னும். அவர் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த வருஷமும் மத்தியானம் ரப்பரை எடுத்தார். முதுகுக்குப் பின்னால் குரல்.

"அழிச்சது போதும், ஆர்விட்."

காரின் கண்ணாடியை இறக்கி லெம்பி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா எழுதுன?"

"பின்னே, பேயா? பேய்க்கு என் கையெழுத்து வருமா?"

ரப்பர் கீழே விழுந்தது. "லெம்பி… அன்னிக்கு டிக் போட்டது நான்."

"அடக்கம் பண்ண மறுவாரமே தெரியும். என் புருஷன் டிக் எனக்குத் தெரியாதா? நீயா வாயத் தொறப்பேன்னு இருபத்திரண்டு வருஷமா உக்காந்திருக்கேன். நல்ல நெஞ்சழுத்தம்டா உனக்கு."

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"போய்க் கூட்டிட்டு வா. அப்புறம் டிக் போடு."

ஆர்விட் பெட்டியிலிருந்த பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நடந்தார். கூடார மேட்டில் யாருமில்லை; குளிர்ந்த சாம்பல் மட்டும். தொப்பியைக் கழற்றி, "வாடா போலாம்" என்றார். மரங்களிடம் பேசுவது காவலர் பதவிக்கு அழகல்ல என்று தோன்றியது. இருந்தும் இன்னொரு தடவை சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் 'டிங், டிங்'. இந்த முறை அவர் வேகத்தைக் குறைத்தார், பின்னால் வருகிறவனுக்குக் கால் சரியில்லை என்பதால்.

பொழுது சாயுமுன், காரிலேயே காத்திருந்த லெம்பியின் எதிரில் பெட்டியைத் திறந்தார். ரெய்னோவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக். வால் இடப்பக்கம் நீண்டிருந்தது.

"லெம்பி, நீ போட்டியா?"

"மூட்டுவலியோட காலையில ஒரு தடவ எறங்கி எழுதுனதே பெருசு. பென்சில் உன் பையிலதான இருக்கு!"

ஆர்விட் பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. காரின் பின்கதவைத் திறந்து, தொப்பியை உள்ளே போட்டுவிட்டுச் சாத்தப் போனார்.

"பொறு," என்றாள் லெம்பி. "அவரு ஏறட்டும்."